அரிப்பு நின்ற பிறகும் இருக்கும் பூஞ்சை: சேற்றுப்புண் பற்றிய எளிய விளக்கம்

கால் விரலிடுக்கில் அரிக்கிறது. தோல் வெளுத்து, ஊறிப்போய் உரிகிறது. மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி நாலைந்து நாள் தடவியதும் அரிப்பு அடங்கிவிடுகிறது. களிம்பு அலமாரிக்குப் போகிறது. அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ அதே இடுக்கில் அதே அரிப்பு. மூன்று நான்கு சுற்று இப்படிப் போனதும், ‘இது என் உடம்பு வாகு, போகவே போகாது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

போகக்கூடிய நோய்தான் இது. பூஞ்சை எங்கே வசிக்கிறது, எதைத் தின்கிறது, எப்படிச் சாகிறது என்பது தெரியாததால்தான் வைத்தியம் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த அடிப்படையைப் புரிந்துகொண்டால், சேற்றுப்புண்ணைப் பற்றிப் பரவலாகப் புழங்கும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே இனம் கண்டுவிடலாம். ஆகவே முதலில் தோலிலிருந்து தொடங்குவோம்.

பூஞ்சை எதைத் தின்கிறது?

நம் தோலின் வெளிப்புறம் உயிரற்றது. அடியில் பிறக்கும் தோல் செல்கள் மெல்ல மேலேறி வரும் வழியில் தட்டையாகி, காய்ந்து, இறந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. நாம் தொட்டுப் பார்ப்பது இந்த இறந்த அடுக்கைத்தான். இந்தக் கட்டுரையில் இதை மேலோடு என்று அழைப்போம். மேலோட்டின் முக்கியமான பொருள் கெரட்டின். நீரில் கரையாத, உறுதியான ஒரு புரதம். நகமும் முடியும்கூட அதே புரதத்தால் ஆனவை. உடலின் பெரும்பகுதியில் மேலோடு மிக மெல்லியது. உள்ளங்காலில் பல மடங்கு தடிமன்.

பெரும்பாலான கிருமிகளால் கெரட்டினைச் செரிக்க முடியாது. அது முடிந்த ஒரு பூஞ்சைக் கூட்டம் உண்டு. டெர்மட்டோஃபைட் என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். காலில் மிக அதிகமாகக் காணப்படுவது அதில் ஒரு வகையான டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். உடம்பில் வரும் படர்தாமரை, அரையிடுக்கில் வரும் படை, நகச் சொத்தையில் பெரும்பகுதி, எல்லாம் இதே கூட்டத்தின் வேலைதான். இடம் மாறுவதால் பெயர் மாறுகிறது.

இதன் போக்கு உத்தரத்தில் பிடித்த கறையானைப் போன்றது. கறையான் தின்பது காய்ந்த மரத்தை. வெளியே நமக்குத் தெரிவது ஒரு மண் கோடு மட்டும். அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டால் உத்தரம் சுத்தமாகிவிட்டதுபோல் தோன்றும், உள்ளே தின்பது தொடரும். பூஞ்சையும் நூலைவிட மெல்லிய, கிளைவிடும் இழைகளாக மேலோட்டுக்குள் ஊடுருவி, ஒரு நொதியைச் சுரந்து கெரட்டினைக் கரைத்து உறிஞ்சுகிறது. ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் அது மேலோட்டைத் தாண்டி உயிருள்ள தோலுக்குள் இறங்குவது அபூர்வம். ரத்தத்தில் கலந்து வேறு உறுப்புக்குப் போகும் நோயும் அன்று.

அப்படியானால் அரிப்பது எது? மேலோட்டுக்குக் கீழே உயிருள்ள தோல் இருக்கிறது. பூஞ்சை சுரக்கும் பொருள்கள் அங்கே கசியும்போது நோய் எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்கிறது. சிவப்பு, அரிப்பு, கொப்புளம் எல்லாம் அந்த எதிர்வினையால் வருபவை. இதற்கு அழற்சி என்று பெயர். பூஞ்சை நிறைய இருந்தும் எதிர்வினை மந்தமாக இருந்தால் அரிப்பே இருக்காது. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரத்தின் செல்சுவரில் இருக்கும் ஒரு பொருள் இந்த எதிர்வினையையே தணித்துவிடக் கூடியது. ஒருவர் காலில் அது பல வருடங்கள் சத்தமில்லாமல் தங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். மேலோடு நிலையாக நிற்பதில்லை. வெளிப்பக்கம் தினமும் உதிர்கிறது, அடியிலிருந்து புதியது வந்து நிரப்புகிறது. தோலின் முழுச் சுழற்சிக்குச் சுமார் 4 வாரம் ஆகும். தடித்த உள்ளங்காலில் இன்னும் கூடுதலாகலாம். உதிரும் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பூஞ்சை உள்நோக்கி வளர்ந்துகொண்டே இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

சுருக்கமாக: பூஞ்சை வசிப்பது இறந்த மேலோட்டில், அரிப்பது அதன் கீழே இருக்கும் உயிருள்ள தோல். இரண்டும் வெவ்வேறு. ஒன்று நின்றுவிட்டதால் மற்றதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

அழுக்கானவர்களுக்கு வருவதா?

இந்த நம்பிக்கை செய்யும் கெடுதல் பெரிது. வெட்கத்தால் பலர் காலைக் காட்டாமலே இருந்துவிடுகிறார்கள். உண்மையில் பூஞ்சைக்கு அழுக்கு தேவையில்லை. கெரட்டினும் ஈரமும் போதும். தினமும் இரண்டு வேளை குளித்து, காலைத் துவட்டாமல் அப்படியே சாக்ஸுக்குள் நுழைப்பவருக்கு, காலில் புழுதியோடு ஆனால் காற்றோட்டமாக நடப்பவரைவிட வாய்ப்பு அதிகம். அடிக்கடி சோப்புப் போட்டுத் தேய்ப்பதும் உதவாது. மேலோடு ஊறி, அதன் எண்ணெய்ப்பசை போய், கீறல் விழுந்து, பூஞ்சை நுழைய வழிதான் ஏற்படும்.

சேற்றிலிருந்து வருகிறது என்பதும் பாதி உண்மைதான். மண்ணில் வாழும் டெர்மட்டோஃபைட்டுகள் உண்டு. ஆனால் காலைப் பிடிக்கும் முக்கிய வகைகள் மனிதனை அண்டியே வாழப் பழகியவை. அவை வருவது இன்னொரு மனிதரின் காலிலிருந்து. சேறும் தேங்கிய நீரும் செய்வது மேலோட்டை ஊறவைத்துத் தளர்த்துவது. அந்த நேரத்தில் பூஞ்சை கிடைத்தால் அது எளிதில் வேர்பிடித்துவிடும்.

இன்னொரு காலிலிருந்து எப்படி வருகிறது? பாதிக்கப்பட்டவர் நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தோல் செதில்கள் உதிர்கின்றன. அவற்றுக்குள் பூஞ்சை இழைகள் துண்டுதுண்டாக உடைந்து, தடித்த சுவர் கொண்ட வித்துகளாக மாறியிருக்கும். இந்த வித்துகள் தரையிலும் காலணிக்குள்ளும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பொதுக் குளியலறை, உடை மாற்றும் அறை, நீச்சல்குளத்தின் ஓரம், விடுதிக் குளியலறை ஆகியவற்றின் ஈரத்தரைதான் முக்கியமான பரிமாற்ற இடங்கள். வீட்டுக்குள்ளும் ஒரே துண்டு, ஒரே மிதியடி, மாற்றி மாற்றிப் போடும் செருப்பு வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. ஆகவே ‘இது ஒட்டாத நோய்’ என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது, தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சவும் வேண்டாம். வித்து, ஈரம், ஊறிய அல்லது கீறிய தோல் மூன்றும் ஒரே நேரத்தில் கூட வேண்டும்.

பாதம் ஏன் இவ்வளவு வசதியான இடம்? உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன, எண்ணெய்ச் சுரப்பிகளோ அறவே இல்லை. மற்ற இடங்களில் தோல் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். உள்ளங்காலுக்கு அந்தக் காவல் கிடையாது. இதன்மேல் மூடிய காலணியையும் போட்டு மணிக்கணக்கில் ஈரத்தைச் சிறைவைக்கிறோம். வெறுங்காலோடு வாழ்ந்த சமூகங்களில் இந்த நோய் குறைவாகவே இருந்தது. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் உலகமெங்கும் பரவியது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில்தான்; மூடிய காலணியும் நெடும்பயணமும் பெருகியது அதற்குத் தோதாக அமைந்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணமும் இதனால்தான் தவறு. பாதுகாப்புக் காலணியோடு எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளிக்கும் விளையாட்டு வீரருக்கும் பூஞ்சை வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் பரம்பரை வாகு என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. சில குடும்பங்களில் இந்தப் பூஞ்சையை எதிர்க்கும் திறன் குறைவாக இருப்பதைக் காண முடிகிறது. வாகு இருப்பதால் வைத்தியம் பலிக்காது என்று ஆகிவிடாது.

ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது என்று நினைக்கவும் இடமில்லை. அம்மையைப் போல் இதற்கு நீடித்த எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை.

அரித்தால்தான் பூஞ்சையா?

விரலிடுக்கில் வருவதுதான் நாம் நன்றாக அறிந்த வடிவம். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே தொடங்கும். பாதத்தில் அதுதான் மிக நெருக்கமான இடுக்கு, காற்றே புகாது. தோல் வெளுத்து ஊறி, பிளந்து, அரிக்கும். சில சமயம் எரியும்.

இரண்டாவது வடிவத்தை அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். உள்ளங்கால் முழுவதும், குதிகால், பாதத்தின் இரு ஓரம் வரை தோல் தடித்து, வறண்டு, மாவு தூவியதுபோல் மெல்லிய செதில்கள் படிந்திருக்கும். காலணியின் அடிப்பகுதி மறைக்கும் இடமெல்லாம் பரவியிருக்கும். அரிப்பு இருக்காது, அல்லது இருந்தும் இல்லாததுபோல் இருக்கும். ‘வறட்சி’, ‘பித்தவெடிப்பு’ என்று எண்ணி வருடக்கணக்கில் எண்ணெயும் ஈரப்பசைக் களிம்பும் தடவிக்கொண்டிருப்பார்கள். ஈரப்பசைக் களிம்பைத் தொடர்ந்து தடவியும் வறட்சி போகவில்லை, உள்ளங்கால் ரேகைகளில் மட்டும் செதில் வெள்ளையாகப் படிகிறது, கூடவே ஓரிரு நகங்கள் மஞ்சளாகத் தடித்திருக்கின்றன என்றால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு இரு பாதங்களோடு ஒரே ஒரு உள்ளங்கையும் இப்படி வறண்டிருக்கும். இரண்டு கால், ஒரு கை என்ற இந்த வினோதமான கணக்கு பூஞ்சைக்கே உரிய அடையாளங்களில் ஒன்று. காலைச் சொறியும், நகம் கிள்ளும் கைதான் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது.

மூன்றாவது, கொப்புள வடிவம். பாதக்குழிவில் திடீரென்று நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, கடுமையாக அரிக்கும். அப்போது சிலருக்குக் கைகளிலும் சிறு கொப்புளங்கள் வரலாம். அந்தக் கைக் கொப்புளத்தைச் சோதித்தால் பூஞ்சை இருக்காது. காலிலுள்ள பூஞ்சைக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை எதிர்வினை அது. காலைச் சரிசெய்தால் கையும் ஆறிவிடும்.

கால் நாற்றத்தையும் பூஞ்சையோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். நாற்றம் பெரும்பாலும் வியர்வையிலும் ஊறிய மேலோட்டிலும் பெருகும் பாக்டீரியாவால் வருகிறது. நாறாத காலில் பூஞ்சை இருக்கலாம், நாறும் காலில் பூஞ்சை இல்லாமலும் இருக்கலாம்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை

பாதத்தில் வரும் எல்லா உரிதலும் பூஞ்சையன்று. மருந்து பலிக்காமல் போவதற்கு நோயே வேறாக இருப்பது ஒரு பெரிய காரணம். பாதத்தின் மேற்புறத்தில், செருப்பு வார் படும் இடத்தில் மட்டும் சிவந்து அரித்து, விரலிடுக்கு சுத்தமாக இருந்தால், காலணியிலுள்ள ரப்பர், பசை அல்லது தோல் பதனிடும் ரசாயனத்துக்கு ஒவ்வாமை என்று நினைக்கலாம். குதிகாலிலும் முன்பாதத்திலும் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியாத் தொற்று. சோரியாசிஸ், எக்ஸிமா இரண்டும் உள்ளங்காலில் பூஞ்சையைப் போலவே தோன்றக்கூடியவை.

விரலிடுக்கிலேயே பூஞ்சையல்லாத இன்னொன்று வரும். எரித்ராஸ்மா எனப்படும் அந்தப் பாக்டீரியாத் தொற்று, உட்ஸ் விளக்கு என்னும் புறஊதா விளக்கின் ஒளியில் பவழ நிறத்தில் மின்னும். காலைப் பிடிக்கும் பூஞ்சைகள் அந்த விளக்கில் பொதுவாக மின்னுவதில்லை. ஆகவே ‘விளக்கில் ஒன்றும் தெரியவில்லை, பூஞ்சை இல்லை’ என்ற முடிவு செல்லாது.

உறுதிப்படுத்தும் சோதனை எளிமையானது. செதிலைச் சுரண்டி எடுத்து, அதன்மேல் 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கரைசல் தோல் செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சையின் இழைகள் மட்டும் கரையாமல் தெரியும். அன்றே முடிவு வந்துவிடும். செதிலை நடுப்பகுதியில் அல்லாமல் பரவிக்கொண்டிருக்கும் விளிம்பில் எடுக்க வேண்டும், அங்கேதான் இழைகள் அதிகம். பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டலாம். ஏற்கெனவே என்னென்ன தடவினீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது இதற்காகத்தான்.

சுருக்கமாக: அரிப்பு இல்லை என்பதால் பூஞ்சை இல்லை என்று ஆகாது, அரிக்கிறது என்பதால் பூஞ்சைதான் என்றும் ஆகாது. முறையாக மருந்து போட்டும் பலன் இல்லையென்றால் களிம்பை மாற்றுவதற்கு முன் சோதனை செய்யுங்கள்.

எந்த மருந்து, எத்தனை நாள்?

ஆன்டிபயாடிக் மாத்திரை பூஞ்சையைக் கொல்லாது. அவை பாக்டீரியாவின் உறுப்புகளைக் குறிவைப்பவை. பூஞ்சை செல்லின் அமைப்போ பாக்டீரியாவைவிட நம் செல்லுக்கே நெருக்கமானது. ஒரு வசதியான வேறுபாடு மட்டும் உண்டு. நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. கால் பூஞ்சைக்கு இன்று அதிகம் பயன்படும் மருந்துகள் இந்த எர்கோஸ்டெரால் தயாரிப்பில் ஏதோ ஒரு படியைத் தடுப்பவை.

டெர்பினாஃபின் தடுக்கும் படி தொடக்கத்திலேயே வருகிறது. சவ்வு பலவீனமாவதோடு, பாதியில் நின்றுபோன மூலப்பொருள் உள்ளே குவிந்து பூஞ்சையைக் கொல்கிறது. குளோட்ரிமசோல், மைகோனசோல் போன்றவை பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்துகின்றன, கொல்வதைவிடக் கட்டிப்போடுகின்றன. நாள்கணக்கு மாறுவது இதனால்தான். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு 1 சதவீத டெர்பினாஃபின் களிம்பு பொதுவாக 1 முதல் 2 வாரம் போதும். 1 சதவீதக் குளோட்ரிமசோலோ 2 சதவீத மைகோனசோலோ என்றால் நாளுக்கு இரண்டு வேளையாகச் சுமார் 4 வாரம் தேவைப்படும். வளர்ச்சி நின்ற பூஞ்சையை வெளியே தள்ளுவது உங்கள் தோல்தான், அதற்கு ஒரு முழுச் சுழற்சி வேண்டும். ஐந்தாம் நாள் அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துகிறவர், மேலோட்டின் ஆழத்தில் மிச்சமிருக்கும் இழைகளுக்கு வளர வழிவிடுகிறார். கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் மறைந்த பிறகும் 1 முதல் 2 வாரம் தொடர்வது நல்ல வழக்கம்.

நிஸ்டாட்டின் என்ற மருந்தும் பூஞ்சை மருந்துதான். ஆனால் அது கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைக்கானது, டெர்மட்டோஃபைட்டை ஒன்றும் செய்யாது. டெர்பினாஃபினுக்கே அடங்காத பூஞ்சை வகைகளும் அண்மைக் காலத்தில் தலைகாட்டுகின்றன. சரியான மருந்து, சரியான அளவு, சரியான நாள் மூன்றும் இருந்தும் குறையவில்லையென்றால் தோல் மருத்துவர் மருந்தை மாற்றுவார்.

தடவும் முறையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். காலைக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் முழுதாகத் துவட்டி, சில நிமிடம் காற்றாட விட்ட பிறகே மருந்து. ஊறிய தோல்மேல் தடவினால் நிற்காது. புண் தெரியும் இடத்தோடு நிற்காமல் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். பூஞ்சையின் வளரும் விளிம்பு சிவப்புக்கு அப்பாலும் போயிருக்கும். ஒரு இடுக்கில்தான் அரிக்கிறது என்றாலும் எல்லா இடுக்கிலும், இரு பாதங்களிலும் போடுவது நல்லது. மெல்லிய பூச்சு போதும், இடுக்கில் வெள்ளையாகத் தேங்கி நின்றால் அதுவே ஈரமாகிவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம். ஒரு பெரியவரின் முழுப் பாதத்துக்கு இப்படி இரண்டு முறை, அதாவது 1 கிராம் தேவை. இரு பாதமும் முழுவதுமாகப் பாதிக்கப்பட்டு நாளுக்கு இரண்டு வேளை தடவினால் நாளொன்றுக்கு 4 கிராம். 15 கிராம் டியூப் நாலு நாள்கூட வராது. உள்ளங்கால் முழுக்கப் பிடித்த வறட்டு வடிவத்துக்கு ஒரு சிறு டியூபை ஒரு மாதம் ஓட்டியவருக்கு ஏன் குணமாகவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அந்த வடிவத்துக்குக் களிம்பு மட்டும் பல நேரங்களில் போதாது. தடித்த மேலோட்டை இளக்க யூரியா அல்லது சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பும், மருத்துவர் மேற்பார்வையில் சில வார மாத்திரையும் தேவைப்படும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பு

மற்ற தவறுகள் வைத்தியத்தைத் தாமதப்படுத்தும், இது நோயையே வளர்க்கும். ஸ்டீராய்டு என்பது அழற்சியை அடக்கும் மருந்து. எக்ஸிமாவுக்கும் சோரியாசிஸுக்கும் அது மிகவும் பயன்படுகிறது. பூஞ்சை பிடித்த தோலில் தடவினால் ஓரிரு நாளில் சிவப்பும் அரிப்பும் மாயமாக மறையும். அது வேலை செய்யும் மருந்து என்று யாருக்குமே தோன்றும். நடந்ததோ, உயிருள்ள தோலின் காவலை நாமே விலக்கிவிட்டதுதான். பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. நிறுத்திய சில நாளில் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது, பயந்துபோய் மறுபடி அதையே தடவுகிறோம். நாளடைவில் தோல் மெலிகிறது; நோயின் விளிம்பும் செதிலும் அழிந்துபோய், மருத்துவருக்கே அது பூஞ்சை என்று கண்டுபிடிப்பது கடினமாகிறது.

பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த களிம்புகள் விற்கப்படுகின்றன. வாங்கும் முன் டியூபின் மேலுள்ள மூலப்பொருள் வரியைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற பெயர்கள் இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. குளோபீட்டசால், குளோட்ரிமசோல் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால் குழம்புவது சுலபம். முதலாவது மிக வீரியமான ஸ்டீராய்டு, இரண்டாவது பூஞ்சை மருந்து. கடும் அழற்சியின்போது மருத்துவர் சில நாளுக்கு ஸ்டீராய்டு எழுதித் தரலாம். அது அவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, பக்கத்து வீட்டார் சிபாரிசில் தொடங்க வேண்டியதன்று.

வீட்டு வைத்தியங்களில் வினிகர் கரைசல் பூஞ்சையின் வளர்ச்சியை ஓரளவு மட்டுப்படுத்தக்கூடும்; மேலோட்டின் ஆழம் வரை போய்க் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் போதாது. பிளவு விழுந்த தோலில் எரியவும் செய்யும். பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளித்துவிடும். பிளீச்சிங் கரைசலைக் காலில் ஊற்றவே கூடாது. பவுடர் ஈரத்தைக் குறைக்க உதவும். பூஞ்சை மருந்து கலக்காத வெறும் பவுடர் தடுப்புக்கு ஆகுமே தவிர வைத்தியத்துக்கு ஆகாது.

சுருக்கமாக: ஆன்டிபயாடிக் இதற்கு வீண், ஸ்டீராய்டு ஆபத்து. பூஞ்சை மருந்தை உலர்ந்த தோலில், விளிம்பைத் தாண்டி, அரிப்பு நின்ற பிறகும் குறித்த நாள் வரை தடவ வேண்டும்.

காலணியும் சாக்ஸும்

கால் குணமானாலும் காலணிக்குள் வித்துகள் காத்திருக்கும். ஒரே ஜோடியை நாள்தோறும் போடாமல் இரண்டு ஜோடியை மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் உலர ஒரு நாளாவது கிடைக்கும். மழையில் நனைந்ததென்றால் இரண்டு நாள். உள்ளட்டையைக் கழற்றி உலர்த்துவதும், பூஞ்சை மருந்து கலந்த பவுடரை உள்ளே தூவுவதும் உதவும்.

சாக்ஸைச் சாதாரண நீரில் துவைத்தால் சோப்பு அழுக்கை எடுத்துவிடும், வித்துகள் தப்பிவிடும், கூடவே ஊறிய மற்ற துணிகளுக்கும் தாவலாம். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால்தான் நம்பலாம். பருத்திச் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சும் என்பது சரி, ஆனால் உறிஞ்சியதை அங்கேயே வைத்திருக்கும். ஈரமான உடனே மாற்றினால்தான் பருத்தியால் பயன். கால் துடைக்கத் தனித் துண்டு வேண்டும், அல்லது ஒரே துண்டென்றால் பாதத்தைக் கடைசியில் துடைக்க வேண்டும். காலில் பூஞ்சை இருக்கும்வரை உள்ளாடைக்கு முன்னால் சாக்ஸைப் போட்டுவிடுங்கள். உள்ளாடையைக் கால்வழி ஏற்றும்போது பாதத்திலுள்ள செதில் ஒட்டிக்கொண்டு அரையிடுக்குக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வரும் படைக்கு இது ஒரு முக்கியமான வழி. வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.

நகத்துக்கு வேறு கணக்கு

தோலில் இருக்கும் பூஞ்சை காலப்போக்கில் நகத்துக்கு ஏறும். நகம் நுனியிலிருந்தோ ஓரத்திலிருந்தோ மஞ்சளாகி, தடித்து, அடியில் மாவுபோல் பொடி சேரும். அங்கிருந்து மறுபடி தோலுக்கு இறங்கும். காலைக் குணப்படுத்தியும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் நகத்தைப் பாருங்கள்.

தோலுக்குப் போடும் களிம்பு நகத்தைத் துளைத்து உள்ளே போகாது. லேசான பாதிப்புக்கு, நகப்பூச்சு வடிவிலுள்ள மருந்துகளை மாதக்கணக்கில் பூச வேண்டும். பரவலான பாதிப்புக்கு மாத்திரைதான் வழி; கால் நகத்துக்கு டெர்பினாஃபின் வழக்கமாக நாளுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம். இது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்னதாக ரத்தப் பரிசோதனை செய்வார்கள். மாத்திரை முடிந்த அன்று நகம் பழையபடியே அசிங்கமாக இருக்கும். இதைப் பார்த்து மருந்து தோற்றுவிட்டது என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். கெட்டுப்போன நகம் திரும்ப நல்லதாக மாறுவதில்லை, அடியிலிருந்து புதிய நகம் வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளரும், முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். வேர்ப்பக்கத்தில் தெளிவான நகம் எழுந்து வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

தடித்த நகமெல்லாம் பூஞ்சையன்று. உருக்குலைந்த கால் நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சையால் ஆனவை. காலணி அழுத்தம், பழைய அடி, சோரியாசிஸ் எல்லாம் நகத்தை அப்படியே ஆக்கும். மூன்று மாத மாத்திரை தொடங்குமுன் நகத்துணுக்கைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஆரோக்கியமானவருக்குச் சேற்றுப்புண் தொல்லைதான், ஆபத்து குறைவு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அப்படியன்று. நரம்பு மரத்திருந்தால் விரலிடுக்குப் பிளவு வலிக்காது, ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் ஆறாது. அந்தப் பிளவு வழியாகப் பாக்டீரியா இறங்கிக் காலில் செல்லுலைட்டிஸ் என்ற தோலடித் தொற்றை உண்டாக்கும். கால் வீக்கம் நாள்பட்டு உள்ளவர்கள், முன்பே ஒருமுறை செல்லுலைட்டிஸ் வந்தவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும். இவர்கள் அரிப்புக்காகக் காத்திராமல் தினமும் இரவில் விரல்களை விரித்து ஒவ்வொரு இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். காலை வெந்நீரில் ஊறவைக்கவே கூடாது, மரத்த காலுக்குச் சூடு தெரியாது.

யாராக இருந்தாலும், பாதமோ கணுக்காலோ சிவந்து, தொட்டால் சூடாக, வீங்கி, அந்தச் சிவப்பு மேல்நோக்கி ஏறினால், அல்லது காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால், பூஞ்சைக் களிம்பைத் தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. விரலிடுக்கிலிருந்து பச்சை நிறக் கசிவும் கடும் நாற்றமும் வந்தாலும் அப்படித்தான். சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, நேரத்தையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா, எவ்வளவு நேரத்தில் தாண்டுகிறது என்பது அங்கே உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு மிகவும் உதவும்.